முதல் குடம்

மார்ச் 28, ஞாயிறு

கோயில் கூட்டம் மத்தியானம் வரை இழுத்தது. கடைசியில் நான் சொன்னபடியே ஆயிற்று.

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி சித்திரையில் வரும். மூன்று கிளை பிரிந்த மரம் ஒன்றை வெட்டி வந்து கோயில் முன்னால் கம்பமாக நடுவோம். பெண்கள் நாள் தவறாமல் அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பதினைந்தாம் நாள் வீட்டுக்கு வீடு மாவிளக்கு எடுத்து, கம்பத்தைப் பிடுங்கி அமராவதியில் விட்டால் நோம்பி முடிந்தது. கோயமுத்தூரில் குடியேறியதில் மகள் மைதிலிக்கு இதெல்லாம் மறந்துவிட்டது. பின்னால் படித்தால் தெரியட்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.

போன வருசம் கொரோனாவால் நோம்பி நின்றுபோனது. இந்த வருசமும் சித்திரைக்குக் காத்திருந்தால் நிற்கும். ஏப்ரல் ஆறாம் தேதி தேர்தல். அதுவரை எந்தக் கட்சிக்காரனும் சாமி விசயத்தில் கை வைக்க மாட்டான். ஓட்டு முடிந்ததும் கெடுபிடி தொடங்கிவிடும். ஆகவே ஓட்டுப் போடும் செவ்வாய்க்கிழமை அன்றே பொழுதோடு கம்பத்தை நட்டுவிட வேண்டும் என்றேன். நட்ட கம்பத்தைப் பாதியில் பிடுங்கச் சொல்ல எந்த அதிகாரிக்கும் துணிச்சல் வராது.

ரைஸ்மில் வேலப்பன் எழுந்தான். "பங்குனியில கம்பம் நட்டு நான் கேள்விப்பட்டதே இல்லீங்க. அண்ணனோட மண்டித் தேங்கா ஓடோணும்னா அம்மன் தேதிய மாத்திக்குமா?"

"நோம்பி நின்னா என்ற தேங்காயாச்சும் கொப்பரையாகும் வேலப்பா. உன்ற பச்சரிசி புழுத்துத்தான் போகும்" என்றேன். அவனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள்.

அப்படியும் பாதிப்பேர் தயங்கினார்கள். கம்ப மரத்தை என் தோப்பிலிருந்தே தருகிறேன், ஆள், வண்டி எல்லாம் என் பொறுப்பு என்றேன். அதன் பிறகு எல்லோரும் தலையாட்டினார்கள். மரம் தருகிற வீட்டுப் பெண்தான் முதல் குடம் ஊற்ற வேண்டும் என்பது இங்கே முறை. இந்த ஊருக்கு நான் தேங்காய் உரிக்கிற கூலியாக வந்தவன். மண்டி வைத்தேன், தோப்பு வாங்கினேன், முதல் குடம் மட்டும் என் வீட்டுக்கு வந்ததில்லை. இப்போது வந்துவிட்டது.

சம்சாரம் சாமியாத்தாளிடம் சொன்னபோது அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "என்னையொரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டா வேண்டாம்னா சொல்லப்போறே?"

முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். சந்தோசம்தான்.

ஏப்ரல் 3, சனி

வசூலுக்குத் தாராபுரம் போனவன் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொரோனா ஊசி போட்டுக்கொண்டேன். வரிசையே இல்லை. கூட்டமில்லாத கடைக்குள் நுழைய ஆட்கள் பயப்படுவார்கள். நான் அங்கேதான் முதலில் நுழைவேன்.

வீட்டுக்குப் போன் செய்து சாமியாத்தாளையும் பஸ் ஏறி வரச் சொன்னேன். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. "ஊசி போட்டுக் காச்சல் வந்து படுத்துட்டா செவ்வாக்கெழம குடம் யாரு எடுக்கறதுங்க? நோம்பி முடியட்டும்" என்றாள். அதுவும் நியாயம். பதினைந்து நாள்தானே.

தம்பி நல்லமுத்து மூலனூரில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறான். நான் ஊசி போட்டதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஒரு மாசம் பாக்கறேனுங்ண்ணா. நீங்க கல்லாட்டம் நடமாடுனீங்கன்னா நானும் போட்டுக்கறேன்." அடுத்தவன் கடித்துப் பார்த்த பிறகே மாங்காய் வாங்குகிறவன் அவன். சின்ன வயதிலிருந்தே அப்படி.

ஏப்ரல் 6, செவ்வாய்

ஓட்டுப் போட்டோம். பொழுது இறங்கியதும் கம்பம் நட்டாயிற்று. பூசை செய்கிற மாரப்ப பண்டாரம் சாமியாத்தாள் கையில் மஞ்சள் காப்பு கட்டினார். அவள் முதல் குடத்தை ஊற்றியபோது ஊரே பார்த்தது. ஈரச் சேலையோடு கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

ஏப்ரல் 9, வெள்ளி

நாளை முதல் திருவிழாக்களுக்குத் தடை. அரசாங்க உத்தரவு.

எஸ்.ஐ. வந்து பண்டாரத்திடம் சொல்லிவிட்டுப் போனார். பூசாரி மட்டும் பூசை செய்யலாம், கூட்டம் கூடாது. கம்பத்தை என்ன செய்வது என்று கேட்டதற்கு, "அது உங்க ஊர் விசயம், நாங்க தொட மாட்டோம்" என்றாராம். பிடுங்கச் சொல்லத் துணிச்சல் வராது என்று நான் போட்ட கணக்கு சரி. மாவிளக்கு எடுக்காமல் பிடுங்க முடியாது, மாவிளக்குக்குக் கூட்டம் சேர முடியாது. இதைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை.

நோம்பித் தேங்காய் மண்டியில் மலைபோலக் கிடக்கிறது.

ஏப்ரல் 15, வியாழன்

ஆரம்ப சுகாதார நிலையத்து ஜெபமணி சிஸ்டர் தெருத் தெருவாக வந்து ஊசி போட்டுக்கொள்ளக் கூப்பிட்டார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். போதுமான மருந்து இருக்கிறதாம், ஆட்கள்தான் வரவில்லையாம்.

கம்பம் நிற்கும்வரை ஊர்க்காரர்கள் உடம்பில் ஊசியோ கத்தியோ படக்கூடாது. எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. கடுகு தாளிக்கக் கூடாது. அவசரமென்றால் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுப் பண்டாரம் விலக்குக் கொடுப்பார். பாதி ஊர் அப்படி வாங்கிவிட்டது. முதல் குடம் ஊற்றியவளுக்கு மட்டும் விலக்குக் கிடையாது. இது எனக்குத் தெரியாது. சாமியாத்தாளுக்குத் தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சா சொல்றதில்லையா?"

"நீங்க கேக்கலீங்களே."

சிஸ்டர் அவளிடம் தனியாகவும் பேசிப் பார்த்தார். "சாமி கோவிச்சுக்காதும்மா, உயிர் இருந்தாத்தானே கும்பிட முடியும்." அதற்கு இவள், "எனக்கொண்ணுமில்ல சிஸ்டர். நான் விரதத்த முறிச்சு, நாளைக்கு ஊருல ஒரு பிணம் விழுந்தா எல்லாரும் என்ற கையத்தான் பாப்பாங்க. அப்புறம் நான் எப்படித் தெருவுல நடக்கறது?" என்றாள். பிறகு மோர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

ஏப்ரல் 21, புதன்

இன்றோடு பதினைந்து நாள் முடிகிறது. கம்பம் நிற்கிறது.

ஏப்ரல் 27, செவ்வாய்

கோயிலையும் பூட்டியாயிற்று. பண்டாரம் பின்வாசல் வழியாகப் போய் விளக்குப் போடுகிறார். சாமியாத்தாள் வெளியில் நின்று கம்பத்துக்கு ஒரு சொம்பு ஊற்றிவிட்டு வருகிறாள். மற்ற பெண்கள் நின்றுவிட்டார்கள்.

மேற்குத் தெருவில் இரண்டு வீடுகளில் காய்ச்சல்.

மே 4, செவ்வாய்

பண்டாரத்தை மண்டிக்கு வரச்சொல்லி நேராகவே பேசினேன். விடியலில் நாலைந்து பேர் மட்டும் சேர்ந்து கம்பத்தை எடுத்துவிடலாம், மாவிளக்கை அவரவர் வீட்டு வாசலிலேயே ஏற்றிக்கொள்ளட்டும். உலகமே போனில் நடக்கிறது, இது நடக்காதா?

"எடுக்கலாமுங்க. எனக்கென்னங்க" என்றார் பண்டாரம். "தெருப் பெரியவங்க எல்லாரும் செரின்னு சொல்லோணும். ஒருத்தர் சொணங்குனாலும் நான் கைய வெக்க மாட்டேன். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்களையா கேப்பாங்க?"

மாஸ்க் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். என்னிடம் கடன் வாங்கியவர்கள், எனக்கு விற்றவர்கள், என் வண்டியில் ஆஸ்பத்திரி போனவர்கள். எல்லோரும் சரி என்றார்கள். வேலப்பன் மட்டும் கேட்டுக்குள் நின்றபடி பேசினான், திறக்கவில்லை.

"நட வெச்சப்ப அவசரம். இப்பப் புடுங்கறதுக்கும் அவசரமுங்களா?"

"என்ற சம்சாரத்துக்குச் சக்கரை வேலப்பா. ஊசி போடோணும்."

"அம்மனுக்குத் தெரியாதுங்களா அண்ணியோட சக்கரை? முறைப்படி மாவிளக்கு எடுத்துட்டு எடுங்க, மொத ஆளா நான் வர்றேன்."

யாரையும் எங்கே தட்டினால் மசிவார்கள் என்று எனக்குத் தெரியும். வேலப்பனுக்கு என்னிடம் எதுவும் தேவைப்படவில்லை. தேவையில்லாதவனிடம் வியாபாரம் பேச முடியாது.

மே 7, வெள்ளி

நல்லமுத்து ஊசி போடப் போயிருக்கிறான். அவன் சொன்ன ஒரு மாசக் கெடு முடிந்துவிட்டதாம். மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். "அண்ணா, நீங்க கல்லாட்டம் இருக்கீங்க, மருந்துதான் இல்லே" என்றான். போனில் இரண்டு முறை இருமினான். பட்டறைத் தூசி என்றான்.

மே 12, புதன்

முழு ஊரடங்கு. மண்டிக்குப் பகல் பன்னிரண்டு வரைதான் அனுமதி. கெட்டுப்போகாமலிருக்கத் தேங்காயை உடைத்துக் களத்தில் காயப்போட்டோம். கோடை மழை வந்து அதையும் நனைத்தது.

கம்பம் துளிர்த்திருக்கிறது. வேம்புதானே, தினமும் தண்ணீர் ஊற்றினால் துளிர்க்காமல் என்ன செய்யும்? அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று ஊரில் பேச்சு. இனி யாரும் அதைப் பிடுங்கச் சம்மதிக்க மாட்டார்கள்.

நல்லமுத்துவைக் கரூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம். எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போன் செய்தேன். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள்.

மே 16, ஞாயிறு

மைதிலி போனில் அழுதாள். "அப்பா, அம்மாகிட்ட நீங்க ஒரு அதட்டு அதட்டுனா போதும்ப்பா. நீங்க சொல்லி அம்மா எதை மறுத்துருக்கு?"

அதட்டினேன். சாமியாத்தாள் கேட்டுக்கொண்டே கறிவேப்பிலை உருவினாள். "கம்பத்துக்கு மரம் குடுத்தது நீங்க. மொதல் கொடத்துக்கு என்னை நிக்கவெச்சது நீங்க. நான் நிக்கறேன். பாதியில நகருன்னா எப்படிங்க நகர்றது?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. இலை முழுவதையும் உருவி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

தாளிப்பே இல்லாத வீட்டில் கறிவேப்பிலை எதற்கு என்று கேட்க நினைத்தேன்.

மே 19, புதன்

விடியலில் போன் வந்தது. நல்லமுத்து போய்விட்டான்.

இதை எழுதாமல் விட்டால் இந்த டைரி எழுதுவதில் அர்த்தமில்லை. போனைக் காதிலிருந்து எடுப்பதற்கு முன்பே மனசில் ஓடியது இதுதான்: பங்காளித் தீட்டு விழுந்துவிட்டது, தீட்டுக் கையில் காப்பு இருக்கக் கூடாது, கழற்றிவிட்டு ஊசி போடலாம். என் தம்பியின் முகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சாமியாத்தாளிடம் சொன்னேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள்தான் அவனுக்குப் பெண் பார்த்தவள். அண்ணி அண்ணி என்று சோற்றுக்கு வந்து நிற்பான். கொஞ்ச நேரம் கழித்துத் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். நான் பார்ப்பதைக் கவனித்ததும் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

மே 20, வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். மூட்டையாகக் கட்டியிருந்தார்கள். தூரத்தில் நிற்க வைத்தார்கள். அவன் மகன் மஸ்கட்டிலிருந்து வர வழியில்லை, போனில் பார்த்தான். கொள்ளி வைக்கிற இடத்தில் நான் நின்றேன். என் கையில் எதுவும் கொடுக்கவில்லை.

தம்பி சம்சாரம் மல்லிகாவுக்கு டெஸ்ட் எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்று வந்தது. தனி வீட்டில் எப்படி இருப்பாள் என்று சாமியாத்தாள் இங்கேயே அழைத்து வரச்சொல்லிவிட்டாள்.

மே 21, வெள்ளி

கோயில் மதிலுக்கு வெளியே நின்று பண்டாரம் காப்பில் பால் விட்டு அவிழ்த்தார். கையில் மஞ்சள் வரி வெளுத்துத் தெரிந்தது. மல்லிகாவும் எதிரே எங்கள் வீட்டு வாசல்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 22, சனி

ஊசி போட சாமியாத்தாளைக் கூட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையம் போனேன். கேட்டில் அட்டை தொங்கியது: ஸ்டாக் இல்லை.

தாராபுரம் போனோம். அதே அட்டை.

மே 25, செவ்வாய்

ஸ்டாக் இல்லை. திங்கள் முதல் காய்கறிக் கடைகூடக் கிடையாது. அனுமதிச் சீட்டு வாங்கி இரண்டு ஊர் சுற்றிவிட்டேன். திருப்பூரில் தனியாரில் கிடைக்கும் என்றார்கள். அங்கே போனால் எப்போதோ பதிவு செய்தவர்களுக்கே இல்லையாம். என்ன விலையானாலும் தருகிறேன் என்றேன். கவுண்ட்டரில் இருந்த பெண், "விலை எல்லாருக்கும் ஒண்ணுதான் சார், மருந்துதான் இல்ல" என்றாள். என் ஆயுசில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. சரக்கு இல்லை என்றால் விலை போதவில்லை என்றுதான் இதுவரை அர்த்தம்.

ஏப்ரலில் இதே மருந்தைத் தூக்கிக்கொண்டு சிஸ்டர் என் வாசலுக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் போனார்.

மே 27, வியாழன்

ஜெபமணி சிஸ்டர் போன் செய்தார். நாளை கொஞ்சம் மருந்து வருகிறது. எல்லாம் டோக்கன் போட்டாயிற்று. ஒருவருக்குக் காய்ச்சல் கண்டதால் ஒரு டோக்கன் மட்டும் மிச்சம். "அம்மாவ எட்டு மணிக்கெல்லாம் கூட்டியாந்துருங்க. இத வெச்சுட்டு நாலு பேர் என்னைய நச்சறாங்க."

ஓடிப்போய்ச் சொன்னேன். சமையலறையில் சாமியாத்தாள் மட்டும்தான் இருந்தாள். மல்லிகா கிணற்றடியில் இருந்தாள்.

"மல்லிகாவக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"ஏம்மா, உனக்கு வாங்கியிருக்கறன். அவளுக்குச் சக்கரையா, பிரசரா? அடுத்த தடவ அவளுக்குப் பாத்துக்கலாம்."

"அவ புருசன் செத்துத்தானே எனக்குக் காப்பு கழண்டுச்சு." கிணற்றடிக்குக் கேட்டுவிடாமல் மெதுவாகத்தான் சொன்னாள். "அன்னிக்குப் போன் வந்தப்ப உங்களுக்கு என்ன தோணுச்சோ அதுதான் எனக்கும் தோணுச்சு. அவ மூஞ்சியப் பாத்துட்டு நான் மொதல்ல போயிக் கைய நீட்ட மாட்டேன். அவ போட்டுட்டு வரட்டும், அப்புறம் நீங்க எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

புருசனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடியாத பெண் வாசல் தாண்டினால் ஊர் பேசும் என்று சொல்லிப் பார்த்தேன். "ஊரு பேசட்டும். பேசறதுக்கு ஊருல எத்தன பேரு மிச்சமிருக்காங்கன்னு பாக்கலாம்" என்றாள்.

அவளிடம் பேரம் பேச ஒரு முனைகூட விடவில்லை. விற்கிறவள் விலையே சொல்லாவிட்டால் வாங்குகிறவன் என்ன செய்வான்?

மே 28, வெள்ளி

மல்லிகாவுக்கு ஊசி போட்டாயிற்று. ஊரடங்கிலும் அத்தனை கூட்டம், இடித்துக்கொண்டு நின்றார்கள். சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது காரில் மல்லிகா, "அக்கா எப்பப் போட்டாங்க மாமா?" என்று கேட்டாள்.

"முன்னாலயே" என்றேன்.

மே 31, திங்கள்

பழைய கொப்பரை ஏற்ற இரண்டு லாரி வந்தது. டிரைவர்கள் கேரளாக்காரர்கள். லோடு ஏற்றி முடிப்பதற்குள் தொண்டை கட்டிவிட்டது. களத்துத் தூசி, மழையில் நனைந்ததும் சேர்ந்துகொண்டது. சுக்கு போட்டுக் குடித்தேன்.

ஜூன் 2, புதன்

காப்பித் தூளில் கலப்படம். வாயில் வைத்தால் வெந்நீர் மாதிரி இருக்கிறது. கடைக்காரனைப் போனில் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். ஊரடங்கைச் சாக்கு வைத்து என்ன வேண்டுமானாலும் விற்கிறார்கள். அவன் சாமி சத்தியம் செய்கிறான். சாமியாத்தாளும் என் டம்ளரிலேயே ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்குதுங்க" என்றாள். அவளுக்குக் காப்பி பற்றி என்ன தெரியும்?

ஊறுகாயும் சப்பென்று இருக்கிறது. தாளிப்பு நிறுத்தி இத்தனை நாளானால் நாக்கு செத்துத்தான் போகும்.

ஜூன் 4, வெள்ளி

இருமல் குறைந்துவிட்டது. திங்கட்கிழமை மருந்து வருகிறதாம். சிஸ்டர் இந்த முறை பெயரையே எழுதிக்கொண்டார்: சாமியாத்தாள், க/பெ சென்னியப்பன். மறுபடி வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்றும் சொன்னார்.

ஜூன் 6, ஞாயிறு

சாமியாத்தாள் சாயங்காலமே படுத்துவிட்டாள். உடம்பு வலி என்றாள். மல்லிகா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாத்திரை கொடுத்தேன். ராத்திரி வியர்த்துவிட்டதாம். நல்லது.

ஜூன் 7, திங்கள்

எழுந்ததும் மறுபடி ஒரு மாத்திரை கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். காரில் சொன்னேன். காய்ச்சல் இருந்ததா என்று கேட்பார்கள், இல்லையென்று சொல்லிவிடு. திரும்ப எப்போது மருந்து வருமோ தெரியாது. தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மறுபடியும் சொன்னேன். "கேட்டுதுங்க" என்றாள்.

வாசலில் நெற்றிக்கு நேரே மிசின் வைத்துப் பார்த்தார்கள். மாத்திரை வேலை செய்திருந்தது, உள்ளே விட்டுவிட்டார்கள். வரிசையில் நாற்காலி நாற்காலியாக நகர்ந்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். அவள் முறை வந்தது. சிஸ்டர் அவள் கையைத் துடைத்தார். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, எல்லோரிடமும் கேட்கிற மாதிரி, "காச்சல், இருமல் ஏதாச்சும் இருந்துச்சாம்மா?" என்றார்.

சாமியாத்தாள் ஜன்னலைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன்.

"ராத்திரி லேசாக் காஞ்சுதுங்க சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். பிறகு, பக்கத்து நாற்காலியில் இருந்தவரை அழைத்து அவருக்குப் போட்டார். டெஸ்ட் எடுக்கும் வரிசை அதே கட்டிடத்துக்குப் பின்பக்கம். நடந்து போகும்போது கேட்டேன், ஏன் சொன்னாய் என்று.

"பக்கத்துல உக்காந்திருந்தாங்களே, அவங்க பேசுனதக் கேட்டீங்களா? மருமக மாசமா இருக்கறதாப் பேசிக்கிட்டிருந்தாங்க. ஒரு ஊட்டுக்குப் போற நோவ மறைச்சு எப்படிங்க?" என்றாள். அவள் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. மூச்சு வாங்கியதால் பாதி வார்த்தை விழுங்கிவிட்டாள்.

ஜூன் 8, செவ்வாய்

பாசிட்டிவ். எனக்கும் மல்லிகாவுக்கும் எடுத்தார்கள். மல்லிகாவுக்கு இல்லை. எனக்கு வந்து போயிருக்கலாம் என்று ஏதோ சொன்னார்கள், அதெல்லாம் அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. அன்றைக்கு டோக்கன் கூட்டத்தில் நான் நின்றதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை அவர்களுக்கு.

ஜூன் 11, வெள்ளி

ஆக்சிஜன் இறங்குகிறது என்று தாராபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் நான் ஏறக்கூடாது. பின்னாலேயே காரில் போனேன்.

சாயங்காலம் நர்ஸ் ஒருவர் அவள் கையில் போன் கொடுத்தார். "சாப்பிட்டீங்களா?" என்றாள். "சாப்பிட்டேன்." "மல்லிகாவுக்கு இட்லிதான் புடிக்கும். சோத்தையே போட்டுட்டு இருக்காதீங்க." பிறகு இரைப்புச் சத்தம் மட்டும் கேட்டது. "ஏனுங்க, அவகிட்ட ஊசி விசயத்துல பொய் சொன்னீங்களாமா?" என்றாள்.

"ஆமா."

"எனக்கும் அப்படியே சொல்லீருங்க, போட்டாச்சுன்னு." சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 13, ஞாயிறு

வேலப்பன் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிட்டான். தூரத்தில் நின்று பேசினான். "அண்ணா, கம்பத்த எடுத்தர்லாம். நானே முன்னால நின்னு எடுக்கறேன். அண்ணிக்கு ஒண்ணும் ஆகாது." கண் கலங்கியிருந்தது. எனக்கு அவனைத் திட்டக்கூடத் தோன்றவில்லை.

"எடுப்பா" என்றேன்.

ஜூன் 14, திங்கள்

போன் பேச முடியாது என்றார்கள். முகத்தில் மூடி போட்டிருக்கிறார்களாம்.

நாளெல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் போல இருபது முப்பது பேர். எல்லோரும் அவரவர் ஊரில் நாலு பேரை அதட்டுகிறவர்கள் மாதிரிதான் தெரிந்தார்கள். வாட்ச்மேன் வந்து கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். எல்லோரும் தள்ளி உட்கார்ந்தோம்.

ஜூன் 16, புதன்

டாக்டர் கேட்டுக்கு வந்து பேசினார். சின்னப் பையன்தான், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நேற்றைவிட மோசமாகவில்லை, அதற்குமேல் இன்றைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார்.

"அவளுக்கு ஊசி எப்பங்க போடலாம்?" என்று கேட்டேன்.

"எந்த ஊசிங்க ஐயா?"

"கொரோனா தடுப்பூசிதானுங்க."

"மொதல்ல அம்மா வீட்டுக்கு வரட்டுங்கய்யா."

"வந்துட்டா?"

"வந்து மூணு மாசம் ஆகணும்" என்றார். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து காலண்டரை ஆணியிலிருந்து எடுத்தேன். செப்டம்பரைத் திருப்பினேன். சரக்கு கைக்கு வராமல் நான் எந்தக் காலத்திலும் தேதி குறித்தவனில்லை. மாசக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், இருபத்தொன்றாம் தேதிக் கட்டத்தில், "சாமியாத்தாள், ஊசி" என்று எழுதினேன்.

மல்லிகா இட்லித் தட்டோடு வந்தவள் எட்டிப் பார்த்தாள். விரலால் அந்தக் கட்டத்தைத் தொட்டுக் கிழமையைப் படித்தாள்.

"செவ்வாக்கெழமை வேண்டாமுங்க மாமா, அக்கா விரதம். வர மாட்டாங்க" என்றாள்.

அடித்துவிட்டுப் புதன்கிழமையில் எழுதினேன்.